தாங்கள் தந்த டி.வி.யைத் திருப்பி அனுப்புவது குறித்து

மதிப்பும் பாசமும் மிகுந்த பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நல்ல சுகம், என் வலது கால் நீங்கலாக. அங்கே தாங்களும் வீட்டு அக்காவும் பிள்ளைகளும் கைகால்களோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் போனில் எதைச் சொன்னாலும் தங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று, "அப்படி இல்லண்ணா, நடந்தது என்னன்னா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நாளைக் காலை எங்கள் பட்டறை வேன் உங்கள் பக்கம் வருகிறது. டிரைவரிடம் இந்தக் கடிதத்தையும், இதோடு எங்கள் புது வீட்டுக்குத் தாங்கள் ஆசையாக வாங்கித் தந்த ஐம்பத்தைந்து இஞ்ச் டி.வி.யையும் கொடுத்தனுப்புகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

முதலில் கால் விஷயம். பட்டறையில் கதவு சரிந்து காலில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள், கதவு மாட்டுகிறவன் காலில் கதவு விழுவது இயற்கைதானே. நடந்தது வேறு. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், டி.வி.யில் படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் வந்தான், ஒரு உதை விட்டான், கதவு தாழ்ப்பாள், நிலை, பக்கத்துச் சுவரில் பாதி எல்லாவற்றோடும் பறந்து போய் வில்லன் மேல் விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கதவும் பூட்டும் மாட்டுகிறவன், என்னால் சும்மா இருக்க முடியுமா? "இதெல்லாம் ஏமாத்து வேலை, ஒரே உதையில எந்தக் கதவும் போகாது"ன்னு சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். தங்கள் தங்கை டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்க மாட்டின கதவா இருந்தா போகும்" என்றாள். மச்சான், மனுஷனை எதை வேண்டுமானாலும் சொல்லலாம், தொழிலைச் சொல்லக்கூடாது. எழுந்து போய் எங்கள் படுக்கையறைக் கதவை, நானே மாட்டிய கதவை, கதாநாயகன் மாதிரியே இரண்டடி பின்வாங்கி ஒரு உதை விட்டேன். கதவு போகவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். கீல் அசையவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. கால்தான் உள்ளே போய்விட்டது. இந்தக் காலத்துக் கதவெல்லாம் இரண்டு பக்கமும் மெல்லிய பலகை, நடுவில் தேன்கூடு மாதிரி அட்டை. முழங்கால் வரைக்கும் நுழைந்து, வெளியே இழுத்தால் உடைந்த பலகை சதையைப் பிடிக்கிறது. நான் ஹாலில், என் பாதம் படுக்கையறையில். கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய்ப் பாதத்தைத் தள்ளலாம் என்று தங்கள் தங்கை கதவைத் திறந்தாள். திறந்தால் கதவோடு சேர்ந்து நானும் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே உள்ளே போகிறேன். சாத்தினால் வெளியே வருகிறேன். சத்தம் கேட்டு மாடி வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் இறங்கி வந்து, பழக்க தோஷத்தில், "உள்ள போங்க சார், உள்ள போங்க, எவ்வளவு இடம் இருக்கு" என்று என்னை முதுகில் தள்ளுகிறார். கடைசியில் கதவுக்குள் காலை வைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி, நானே கீலைக் கழற்றி, கதவைப் படுக்கப்போட்டேன், கண்டக்டர் ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து எடுத்தார். அதற்குள் கதாநாயகன் இன்னும் இரண்டு கதவை உடைத்துவிட்டு டூயட் பாடப் போய்விட்டான்.

நாற்பத்தாறு வயசு ஆளையே இந்தப் பெட்டி இப்படி ஆட்டி வைக்கிறது என்றால், பத்து வயசுப் பிள்ளையை என்ன செய்யாது? தாங்களே யோசியுங்கள். இப்போது தங்கள் மருமகள் சிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அதற்கடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு சம்பவம். வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் வரச்சொல்லிவிட்டார்கள். அவளுடைய வகுப்பு டீச்சர் சத்தமே போடாமல் பேசுகிறவர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம், பதிலுக்குச் சத்தம் போட முடியாது. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார். என் வலது காலை மடக்க முடியாமல் வகுப்பின் பாதி தூரத்துக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் என்ன ஆச்சு என்று கேட்டார். கதவு விழுந்துவிட்டது என்றேன். டீச்சர் பக்கத்தில் நின்றிருந்த சிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான் சார். ஆனா பக்கத்துல உட்கார்ற பொண்ணு இவ ஸ்கேலை எடுத்துட்டான்னு பிடிச்சுத் தள்ளியிருக்கா. அந்தப் பொண்ணுக்கு ஒரு பல் விழுந்துடுச்சு."

"பால் பல்லுதானே டீச்சர்?"

"ஆமா."

"ஏற்கனவே ஆடிட்டு இருந்ததா?"

தங்கள் தங்கை என் தொடையில் கிள்ளினாள், அதுவும் நல்ல காலில்.

"பல்லு போகட்டும் சார். தள்ளுறதுக்கு முன்னாடி இவ என்ன சொன்னான்னு கேளுங்க." டீச்சர் ஒரு சின்னக் காகிதத்தைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி வாசித்தார்: "'கையை எடு. இல்லன்னா கீலோட கழட்டி சுவத்துல சாத்திருவேன்.'"

தங்கள் தங்கை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சிட்டு தரையைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தைப் பார்த்தேன்.

"இந்த மாதிரி வசனமெல்லாம் பிள்ளைங்க எங்க சார் கத்துக்கறாங்க?"

"டி.வி.தான் டீச்சர்," என்றேன் மூச்சு விடாமல்.

"கீலா? டி.வி.லயா?"

"இப்ப அவங்க எதையும் விட்டு வைக்கிறதில்ல டீச்சர். கீல், தாழ்ப்பாள், எல்லாத்தையும் சொல்றாங்க."

மச்சான், அந்த வாசகத்தில் என் தொழில் வாசனை அடிக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். பட்டறையில் கழற்றிய கதவுகளைச் சுவரில் சாத்தி வைப்பது வழக்கம், அதை வைத்து ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்கிற பேச்சுதான் அது. எப்போதாவது என் வாயிலும் வந்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொல்வது வெறும் பேச்சு, இத்தனை வருஷத்தில் கதவைத் தவிர யாரையும் கழற்றியதில்லை. டி.வி.யில் கழற்றியே காட்டுகிறார்கள். வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

டீச்சர் சிட்டுவை பெஞ்சிலிருந்து எடுத்து, தன் மேஜைக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில் போட்டுவிட்டார். மத்தியானச் சாப்பாடும் அங்கேயே, தனியாக. அந்தப் பக்கத்துப் பெண்ணோடு தினம் ஆறு மணி நேரம் பேசிவிட்டு, மீதியை வீட்டுக்கு வந்து எங்களிடம் பேசுகிற பிள்ளை இது. இப்போது சாயங்காலம் வந்தால் பையை வைக்கிறாள், கையைக் கழுவுகிறாள், "என்னடா நடந்துச்சு இன்னைக்கு"ன்னு கேட்டால் "ஒண்ணும் நடக்கலப்பா" என்கிறாள். மச்சான், சண்டை போட்டுக்கொண்டு வந்தால்கூடத் தாங்கிவிடுவேன், இந்த "ஒண்ணும் நடக்கல"யைத் தாங்க முடியவில்லை. எப்போது பழைய இடத்தில் உட்கார வைப்பீர்கள் என்று கேட்டேன். டீச்சர் ஒரு நோட்டைக் கொடுத்தார். ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, வீட்டில் டி.வி.யில் பிள்ளை கண்ணில் படுகிற அடிதடி எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். நேரம், நிகழ்ச்சி, அடித்தவர், அடிபட்டவர், கடைசியாக 'பிள்ளை பயந்ததா?' என்று ஒரு கட்டம். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். நான் வேலைக்குப் போகிறவன், தங்கள் தங்கைக்கு அடுப்படியில் வேலை, ஆகவே குறிக்கிற பொறுப்பைச் சிட்டுவிடமே கொடுத்தேன். "ஒண்ணு விடாம உண்மையா எழுதணும், டீச்சர் பார்ப்பாங்க"ன்னு கண்டிப்பாச் சொன்னேன். அவள் எதைச் செய்தாலும் அழுத்தமாகச் செய்கிறவள். பென்சிலைப் பிடித்தால் ஆணி அடிக்கிற மாதிரி எழுதுவாள், மூன்றாம் பக்கம் வரை பள்ளம் விழும்.

அந்த வாரம் எங்கள் வீடு ஒரு ஆபீஸாகிவிட்டது. திங்கட்கிழமை எட்டரை மணி சீரியலில் மாமியார் மருமகளை ஒரு அறை விட்டாள். அதை இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை, மேலேயிருந்து ஒரு தடவை காட்டினான். இதை ஒன்று என்று எழுதுவதா மூன்று என்று எழுதுவதா? தங்கள் தங்கை ஒன்று என்றாள். கண்டக்டர் மாடியிலிருந்து இதற்காகவே இறங்கி வந்து, "எத்தனை தடவை ஏறினாலும் அத்தனை டிக்கெட்டு" என்று மூன்றுக்கு வாதாடினார். சிட்டு யோசித்துவிட்டு, "அடி வாங்கினவங்களுக்கு ஒண்ணு, நமக்கு மூணு"ன்னு சொல்லி மூன்று என்று எழுதினாள். இந்த அறிவு யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை, தங்கள் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பொம்மைப் படம். ஒரு பூனையும் ஒரு நாயும், அரை மணியில் அறுபத்திரண்டு அடி. பூனை மேல் பியானோ விழுந்து தட்டையாகி, எழுந்து, உதறிக்கொண்டு போய்விட்டது. எனக்குக் கால் வலித்தது. புதன்கிழமை நியூஸ். மச்சான், நியூஸ்தான் எல்லாவற்றையும் விட மோசம். சந்தைத் தெருவில் இரண்டு பேர் அடித்துக்கொண்டதை யாரோ போனில் எடுத்திருக்கிறான், அதையே வட்டம் போட்டு, அம்பு போட்டு, மெதுவாக ஓட்டி, பாட்டுப் போட்டு இருபத்தொரு தடவை காட்டினார்கள். அப்புறம் அதைப் பற்றிப் பேச நாலு பேரைக் கூப்பிட்டார்கள், அந்த நாலு பேரும் அடித்துக்கொள்ளாததுதான் பாக்கி. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று, "இவனுங்களை எல்லாம்"னு ஆரம்பிச்சு ஒரு பாட்டம் தீர்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன். கண்டக்டர் மேலேயிருந்து என்ன ஆச்சுன்னு குரல் கொடுத்தார். நியூஸ் பார்க்கிறேன்னேன். சரின்னார்.

வியாழக்கிழமை முடிவு எடுத்துவிட்டேன். டி.வி. வயரைப் பிடுங்கி, பெட்டியைப் பெட்ஷீட் போட்டு மூடிவிட்டேன். வீட்டில் ஒரு நாளாவது சாந்தி நிலவட்டும். அன்னிக்குன்னு பாருங்க, காலையில பிள்ளையைக் கொண்டுபோய் விடுறப்ப ஒரு ஸ்கூட்டர்காரன் என் நொண்டிக்கால் மேல ஏத்தப் பார்த்தான், அவனுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டியதாப் போச்சு. சாயங்காலம் வந்து உட்கார்ந்தா பிளைவுட் கடைக்காரன் அளவு மாத்தி அனுப்பிட்டான்னு போன், அவனுக்கு ஒரு எட்டு வார்த்தை. நம்ம டி.வி. மூடியிருக்கிறதால பக்கத்து வீட்டு டி.வி. சுவர் வழியா வந்து நம்ம ஹால்ல ஓடுது, டமால் டுமீல்னு சண்டைப் படம். அமைதியா இருங்கன்னு அவங்களுக்குத் தெரியப்படுத்த சுத்தியலால சுவர்ல நாலு போடு போட்டேன், சுண்ணாம்பு உதிர்ந்தது, அங்கேயிருந்து அவன் பதிலுக்குப் போட்டான், கொஞ்ச நேரம் அப்படியே நடந்தது. இதுக்கு நடுவுல தங்கள் தங்கை, "அரை மணி நேரம், அந்த சீரியல் மட்டும்"னு பெட்ஷீட்டுக்கு அடியில கையை விட்டு ரிமோட்டை எடுக்கப் பார்த்தா, நானும் பிடிச்சு இழுக்க, ரிமோட் எகிறி ஷோகேஸ்ல பட்டு, கண்ணாடி விரிசல் விட்டது. ஆனா ஒண்ணு மச்சான், டி.வி.ங்கிற அந்தப் பேச்சே இல்லை. சிட்டு மூலையில உட்கார்ந்து எழுதிட்டே இருந்தா. டி.வி.தான் மூடியிருக்கே, என்னத்தை எழுதறேன்னு கேட்டேன். "சும்மாப்பா"ன்னா.

இன்றைக்குத் திங்கட்கிழமை. காலுக்காக லீவு போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய்விட்டு வந்தேன். ஆறு நாளில் இருநூற்றுப் பதினாலு அடி. டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். 'பிள்ளை பயந்ததா?' கட்டத்தில் மேலிருந்து கீழே வரைக்கும் 'இல்லை, இல்லை, இல்லை' என்றே இருந்தது. என் மகள் என்னை மாதிரி, எதற்கும் பயப்படாதவள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வியாழக்கிழமைப் பக்கம் வெறுமையாக இருந்தது. "இது ஏன் சார் காலியா இருக்கு?" என்று கேட்டார். "அன்னிக்கு டி.வி.யை மூடிட்டேன் டீச்சர். பாருங்க, ஒரு அடிகூட இல்ல. டி.வி. இல்லன்னா வீடு கோயில் மாதிரி"ன்னு சொன்னேன். அத்தோடு விட்டேனா, சமுதாயம் எப்படிக் கெட்டுப்போகிறது, இந்தப் பெட்டி எப்படி நம் பிள்ளைகள் வாயில் கெட்ட வார்த்தையை வைக்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் பேசினேன். பேசுகிறபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. டி.வி.யை வீட்டை விட்டே அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டீச்சர் நோட்டை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "சரி சார், நாளையிலேருந்து அவ பழைய இடத்துலயே உட்காரட்டும்" என்றார். அந்தப் பல் போன பெண் வாசலில் நின்றிருந்தாள். நான் வெளியே வரும்போது, சிட்டு பெஞ்சுக்குத் திரும்ப வருமா என்று என்னிடம் கேட்டாள், ஓட்டைப் பல்லில் காற்றோடு சேர்த்து.

ஆகவே மச்சான், தாங்கள் தந்த பரிசைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெட்டி நல்ல பெட்டி, படம் பளிச்சென்று தெரிகிறது, தெரிவதுதான் பிரச்சினை. அதில் ஓடுகிறவர்கள் எங்கள் வீட்டில் நுழைந்து என் கதவை உடைத்து, என் காலை உடைத்து, என் மகளை நண்பர் இல்லாதவளாக்கிவிட்டார்கள். தங்கள் வீட்டில் பெரிய ஹால், பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள், தாங்கும். சுவரில் மாட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கால் சரியானதும் நானே வந்து மாட்டித் தருகிறேன். ஒரு உதைக்கும் அசையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நிறையப் பேசி, யாரையும் தள்ளாமல் பெரியவர்களாக என் ஆசி. தங்களுடைய அன்பு எப்போதும் போல் எங்கள் தலைமேல் இருக்கட்டும், தங்களுடைய டி.வி. மட்டும் தங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மச்சான், மேலே எழுதினதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். அவ்வளவையும் திரும்ப எழுதக் கை வராது. அதனால் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தை உறையில் போட்டு விலாசம் எழுதப் போனேன். டிரைவருக்கு வழி எழுதித்தர ஒரு காகிதம் தேவைப்பட்டது. டீச்சர் திருப்பிக் கொடுத்த நோட்டில் காலிப் பக்கம் இருந்ததே என்று வியாழக்கிழமைப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கையை வைத்தால் பக்கம் சொரசொரவென்று இருந்தது. அழிரப்பர் தேய்த்த காகிதம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது, அவள்தான் ஆணி அடிக்கிற மாதிரி எழுதுவாளே. பூட்டு மாட்டும்போது நாங்கள் ஒரு வேலை செய்வோம், ஓட்டையின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அளவு அப்படியே காகிதத்தில் வந்துவிடும். என் பட்டைப் பென்சிலை எடுத்துத் தேய்த்தேன். கறுப்பு நடுவில் வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது.

'வியாழன். நிகழ்ச்சி: அப்பா. காலை 8.10 ஸ்கூட்டர் மாமா, கீல். மாலை 5.30 போன், கீல், மண்டை. 6.30 சுவர், சுத்தியல். 8.30 அம்மா, ரிமோட், கீல். அடிபட்டவர்: ஷோகேஸ்.' அதற்கடியில் அந்தக் கடைசிக் கட்டம். மற்ற பக்கமெல்லாம் இல்லை இல்லை என்று எழுதியிருந்தவள், பியானோ விழுந்ததற்கும் இருபத்தொரு தடவை காட்டினதற்கும் பயப்படாதவள், இங்கே மட்டும் 'ஆம்' என்று எழுதியிருந்தாள். நாலு வரிக்கும் நாலு 'ஆம்'. மற்ற பக்கங்களின் அடியிலும் தேய்த்துப் பார்த்தேன். எத்தனை என்று தங்களுக்கு எழுத மாட்டேன்.

ஒண்ணு விடாம எழுதச் சொன்னதும் நான்தான். எழுதியிருக்கிறாள். அப்புறம் டீச்சர் கையில் போவதற்கு முன்னால், எனக்காக உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறாள்.

டி.வி. வரவில்லை மச்சான், வேன் வந்தால் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலை பள்ளிக்கூடத்துக்கு நான் போகிறேன். கீல் எந்த நிகழ்ச்சியில் வருகிறது என்று டீச்சரிடம் சொல்ல வேண்டும். பெஞ்சிலிருந்து யாரையாவது எடுத்துத் தனியாக உட்கார வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் என்னை வைக்கட்டும், காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைக்கும்.

இப்போதுதான் போய், வேனில் ஏற்றக் கட்டிவைத்திருந்த டி.வி.யிலிருந்து பெட்ஷீட்டை எடுத்தேன். சிட்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கினாள்.

"டி.வி. போகலையாப்பா?"

"போகல."

"டீச்சர்கிட்ட போகும்னு சொன்னீங்களே?"

"டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"மாமா வேணாம்னுட்டாரா?"

"ஆமா, மாமா வீட்டுச் சுவர்ல இடமில்லையாம்," என்று தங்கள் மேலேயே பழியைப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள், அதே அழுத்தம். பென்சில் பெட்டியில் அந்த அழிரப்பர் இருந்தது, பாதிக்கு மேல் தேய்ந்து, ஓரமெல்லாம் கறுத்துப்போய். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்னப்பா?"ன்னா. "ஒண்ணுமில்லடா, புதுசு வாங்கணும்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இனிமே உனக்கு அழிக்கிற வேலை வைக்க மாட்டேன்டா கண்ணு என்று சொல்லத்தான் போயிருந்தேன்.